வாசித்துக் காட்டாத மனு

1

சண்முகவேலிடமிருந்து ஏரோகிராம் வந்தது. சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது சின்னதாக ஓர் அச்சகம் வைத்துக்கொண்டு, மாதம் ஒரு பத்திரிகையும் நடத்துகிறான். நலம் விசாரிப்பெல்லாம் இரண்டே வரி. மூன்றாவது வரியில் விஷயத்துக்கு வந்துவிட்டான். "ஊரில் புது ஆட்சி வந்திருக்கிறது. புது அரசு முதலில் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டிருக்கிறோம். நீ சிங்கப்பூர்க்காரன், நாலு நல்லதைப் பார்த்தவன். ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு."

நாலு நல்லதைப் பார்த்தவன் என்று ஒருவன் சொல்லிவிட்டால் அப்புறம் கையைப் பிடிக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்தேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. பஸ் நிலையத்தில் மூக்கைப் பொத்தாமல் நுழையும்படி ஒரு கழிப்பறை வேண்டும். சொன்ன நேரத்துக்கு பஸ் வர வேண்டும். கண்ட இடத்தில் துப்புகிறவனுக்கு அபராதம் போட வேண்டும். ஆபீசுகளில் வரிசை வேண்டும், வரிசையில் நிற்கிறவனை மனுஷனாகப் பார்க்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு அம்சம். பன்னிரண்டாவதாக, 'மக்களின் மனப்பான்மை மாற வேண்டும்' என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். ஊரை விட்டு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஊருக்குப் புத்தி சொல்ல அது போதும் என்று ஒரு நினைப்பு.

எழுதியதை வீட்டில் உரக்க வாசித்தேன். என் எழுத்தை நானே வாசித்து ரசிப்பதில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை. என் மனைவி சொர்ணம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நம்ம ஊருக்கு இதுதான் வேணுமாக்கும்" என்றாள். அவள் எப்போதும் இப்படி ஏதாவது சொல்லுகிறவள்தானே என்று நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மகள் உமாதான் கேட்டாள். "அப்பா, இவற்றையெல்லாம் யார் கேட்டார்கள்?"

உமாவுக்குப் பதினேழு வயது. நான் வந்த மறுவருஷம், ஏழு வயதில் இங்கே வந்தபோது 'அங்கன கெடக்கு, இங்கன கெடக்கு' என்று எங்கள் ஊர்ப்பேச்சில் வாயாடிக்கொண்டு வந்தவள். அந்தப் பேச்சு எப்போது உதிர்ந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. எங்களிடம் மட்டும் வகுப்பில் படித்த தமிழில், வேற்றுமை உருபு ஒன்று குறையாமல் பேசுகிறாள். அவள் பேசும்போது எனக்குச் செய்தி வாசிக்கிற ஞாபகம் வரும், சிரிப்பும் வரும்.

"யாரு கேக்கணும்? நம்ம ஊருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2

எங்கள் தொகுதி உறுப்பினர் வாரத்துக்கு ஒரு மாலை, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் மக்களைச் சந்திப்பார். மடக்கு மேசைகள் போட்டிருக்கும். வருகிறவர்களின் குறையைக் கேட்டு, தொண்டர்கள் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். உமாவும் அங்கே கடிதம் எழுதப் போகிறாள். அந்த வாரம் தமிழ் தெரிந்த தொண்டர் வரவில்லை. "அப்பா, நீங்கள் வர முடியுமா? தமிழ் மட்டும் பேசும் பெரியவர்கள் வருவார்கள். அவர்களின் பேச்சு எனக்கு முழுமையாகப் புரிவதில்லை. நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் நான் மொழிபெயர்த்து டைப் செய்வேன்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு வருஷமாக ஒரு மளிகை மொத்தக் கடையில் ஏலக்காய் மூட்டைக்கு லேபிள் எழுதிக்கொண்டிருக்கிற கை இது. அதற்கு முன்னால் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிய கை. முகச்சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் வந்தவர் காளிமுத்து என்ற பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. அவருடைய வீடு ஏழாவது மாடியில். அந்தப் பழைய புளோக்கில் லிப்ட் ஐந்தாவது மாடியிலும் ஒன்பதாவது மாடியிலும்தான் நிற்கும். அவர் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. "லிப்ட் நிக்கிற மாடியில ஒரு வீடு மாத்திக் குடுத்தா போதும் தம்பி" என்றார்.

நான் எழுதத் தொடங்கினேன். பழைய நடை தானாக வந்தது. 'ஆதரவற்ற முதியவனாகிய நான், பெற்ற பிள்ளையாலும் கைவிடப்பட்டு, நாதியற்ற நிலையில் தங்கள் சமூகத்தில் கண்ணீரோடு சமர்ப்பித்துக்கொள்ளும் மனு…' ஒரு பக்கம் ஓடிய பிறகுதான் லிப்ட் வந்தது.

உமா தாளை வாங்கிப் படித்தாள். "அவர் இதைச் சொல்லவில்லையே, அப்பா."

"மனுன்னா இப்படித்தான் எழுதணும். அப்பத்தான் மேல இருக்கிறவன் மனசு இரங்கும்."

"அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா?"

"அதுக்கு என்ன அவசியம்?"

"இங்கே அது விதி. வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது."

வேறு வழியில்லாமல் வாசித்தேன். பெரியவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எனக்கு மகன் இருக்கான் தம்பி" என்றார். "கப்பல் பட்டறையில வேலை. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து பாக்குறான். அவனை எதுக்குய்யா இல்லாம ஆக்கிட்ட? நான் கேட்டது லிப்ட் நிக்கிற மாடி."

பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவர் சொன்னது மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது உமா என்னைக் குறை சொல்லவில்லை. அவள் குறை சொல்லியிருக்கலாம். "ஊரில் இது உங்கள் வேலையாக இருந்தது, அல்லவா? அங்கேயும் வாசித்துக் காட்ட மாட்டீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"அங்க எல்லாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிரும்மா" என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

3

தாலுகா ஆபீஸ் சுற்றுச்சுவரை ஒட்டி நாங்கள் நாலு பேர் மனு எழுதினோம். ஆளுக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு ஸ்டூல், கைநாட்டு வைக்க ஒரு மைப்பெட்டி, வெயிலுக்கு மேலே ஒரு சாக்குப் படுதா. எழுத்து அழகில் எனக்கு முதலிடம். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. டெல்லியிலும் புதுசு, சென்னையிலும் புதுசு. புது ஆட்சி என்றால் ஜனங்களுக்கு முதல் மழை பெய்த மாதிரி. ஆளாளுக்கு விதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் கலைந்ததும் எங்கள் சுவரடியில் கூட்டம் கூடியது. கரிவலத்திலிருந்து வந்தார்கள், பனவடலியிலிருந்து வந்தார்கள், வாசுதேவநல்லூர் பக்கமிருந்து மடைக்குக் கதவு கேட்டு வந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார் ஒருவர். வாத்தியார் மாதச் சம்பளத்துக்கு மட்டும் வருகிறார் என்றார் இன்னொருவர். "புதுசா வந்திருக்காகளாம்லா, நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதுங்க அண்ணாச்சி" என்பார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

எங்களுக்கு ஒரு வேலை முறை உண்டு. வந்தவர்களுக்கு பஸ் இருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், காத்திருக்க முடியாது. ஆகவே முதலில் வெறுந்தாளின் அடியில் கைநாட்டு வாங்கிக்கொள்வோம். அதற்கு மேலே, 'மேற்கண்ட சங்கதிகளை வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கைநாட்டு வைக்கிறோம்' என்று எழுதுவோம். அதற்கும் மேலே, அவர்கள் பஸ் ஏறிய பிறகு, சங்கதிகளை எழுதுவோம். கடைசி வரியை முதலில் எழுதுகிற தொழில் அது. யாரும் எங்களைச் சந்தேகப்பட்டதில்லை. நாங்களும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

அந்தக் கூட்டத்தில்தான் பேச்சியம்மாள் வந்தாள். எங்கள் ஊர்க் கீழத்தெருக்காரி. கரிவலத்துக்குப் பக்கத்தில் குளத்துப் பாசனத்தில் நெல் விளைகிற சின்ன ஊர் எங்கள் ஊர். வயல்கள் எங்கள் ஆட்களுடையவை, அதில் நடுவதும் அறுப்பதும் கீழத்தெருக்காரர்கள். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். தெருச் சனங்களில் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்னம்மா எழுதணும்?"

"பாதை வேணும்யா. சுடுகாட்டுக்குப் பாதை."

அவள் நின்றுகொண்டே சொன்னாள். "போன கார்த்தியல்ல எங்க மாமனாரு செத்துப்போனாரு. வயலு பூரா பயிரு. வரப்பு மேல தூக்கிட்டுப் போவக்கூடாதுன்னுட்டாக. வாய்க்காலுக்குள்ள எறங்கித்தான் போனோம். நடுவுல ஒருத்தருக்குக் காலு வழுக்கிட்டு. பாடை சாஞ்சு, அவரு தண்ணிக்குள்ள விழுந்துட்டாருய்யா. செத்த மனுசன ரெண்டாந்தரம் தூக்குனோம்."

நான் பேனாவைத் திறந்தேன், எழுதவில்லை.

"புது கவர்மெண்டுட்ட வேற ஒண்ணும் கேக்கல. ஒத்தப் பாடை போற அகலத்துக்கு ஒரு பாதை. அம்புட்டுத்தான்."

"யாரு வயலும்மா அது?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாததாய்யா?"

எனக்குத் தெரியும். அது என் தாய்மாமன் வயல். அவர்தான் சொர்ணத்தின் அப்பா.

4

மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சவில்லை, அவருக்கு இந்த மனு விஷயமே தெரியாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இத்தனை வருஷமாக என் மனதுக்குள் அவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அப்போது மாமாவின் சகலை சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி மாமா அவருக்குக் கடிதம் போட்டிருந்தார். பதில் வர வேண்டிய நேரம். அவ்வளவுதான்.

"தெருவில விளக்கு இருக்கா?" என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"இல்லைய்யா. அது கெடக்கட்டும்."

எல்லாரும் வெறுந்தாளில் கைநாட்டு வைத்தார்கள். பஸ் வந்தது. போகும்போது, "நல்லா எழுதுங்கய்யா" என்று கும்பிட்டாள். அவர்கள் போன பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் அழகான கையெழுத்தில், கீழத்தெரு இருளில் மூழ்கிக் கிடப்பதாகவும், குழந்தைகள் பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சி வாழ்வதாகவும், தெருவிளக்கு போட்டுத் தந்து காப்பாற்ற வேண்டும் என்றும் எழுதினேன். பாதை என்ற சொல்லே அதில் இல்லை. தெருவிளக்குக்கு ஊரில் எதிரி கிடையாது. முதலில் லேசானதை வாங்கிக் கொடுப்போம், பாதையைப் பிறகு பார்க்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

கொடுமை என்னவென்றால், அந்த மனு பலித்துவிட்டது. பங்குனியில் கீழத்தெருவில் கம்பம் நட்டு விளக்கு போட்டுவிட்டார்கள். என் தொழிலில் மனு பலிப்பது அபூர்வம். பலித்ததும் எனக்குப் பெருமைகூட வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதுவதில் அர்த்தமில்லை.

பேச்சியம்மாள் மறுவாரம் வந்தாள். மடியில் கட்டிக் கொண்டுவந்த தட்டாங்காயை என் மேசையில் வைத்தாள்.

"ஐயா, தெருவுக்கு வெளக்கு வந்திருக்கு."

"கேள்விப்பட்டேன்."

"நாம பாதைல்லா கேட்டோம்? வெளக்கக் குடுத்திருக்காக. ஒருவேள தப்பா வாசிச்சிருப்பாகளோ?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள், நான் அதற்குள் நுழைந்து ஒளிந்துகொண்டேன்.

"இருக்கும். அங்க எத்தனையோ மனு வரும். ஒண்ணுக்கு ஒண்ணு மாறிப்போயிருக்கும்."

"பாவம், புதுசுல்லா. போகப் போகச் சரியாயிரும்" என்றாள். கோபமில்லாமல், எனக்கே ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னாள்.

அரசாங்கத்தின் மேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம். நானே பன்னிரண்டு சொன்னேன். ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அரசாங்கம் மனுவில் கேட்டதைக் கொடுத்தது. கேட்டவனை அல்ல, எழுதியவனை நம்பியது. வைகாசியில் எனக்குச் சிங்கப்பூர்க் கடிதம் வந்தது. மாமா மாலை போட்டு வழியனுப்பினார்.

5

காளிமுத்துப் பெரியவர் சங்கதி நடந்த மறுநாள், பன்னிரண்டு அம்சத்தையும் கிழித்துப் போட்டேன். சொர்ணம் ஏன் என்று கேட்டாள். முதன்முதலாக அவளிடம் பேச்சியம்மாள் மனுவைச் சொன்னேன். அவளுடைய அப்பா வயல் என்பதால் இத்தனை வருஷம் சொன்னதில்லை. அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"போன கார்த்தியல்ல நான் ஊருக்குப் போயிருந்தம்லா, அம்மாவுக்கு முடியலைன்னு?" என்றாள். "அப்ப பேச்சியம்மா புருசன் எறந்துட்டாரு. நான் வயல்ல மோட்டார் ரூம் பக்கம் நின்னேன். வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணி. அதுக்குள்ளதான் தூக்கிட்டுப் போனாக. அப்பா வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாக. நானும் நின்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க அப்பால்லா. எப்படிச் சொல்ல?"

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே வாய்க்காலை ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். அவளாவது ஒரு வருஷம்தான் ஒளித்தாள்.

"கருமாதி கழிஞ்சு ரெண்டு நாள்ல பேச்சியம்மா என்னைய பாக்க வந்தா" என்றாள் சொர்ணம். "ஒங்களத்தான் விசாரிச்சா. 'ஐயா லீவுல வந்தா சொல்லுங்க தாயி, இன்னொரு மனு எழுதணும். அவரு எழுதுனா கவர்மெண்டு கேக்கும். வெளக்கு வந்துச்சுல்லா'ன்னா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது என்று சொல்வார்களே, அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளைத் தாளை எடுத்தேன். அவள் எழுபத்தேழில் சொன்னதை, கண்ணீரும் நாதியற்ற நிலையும் சேர்க்காமல், அப்படியே எழுதினேன். கீழத்தெருவிலிருந்து சுடுகாட்டுக்கு ஒத்தப் பாடை போகும் அகலத்துக்கு ஒரு பாதை. யாருடைய வயல் வழியாக என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மாமா இன்னும் இருக்கிறார். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகும். சொர்ணம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்வே நம்பரு தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"நான் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

சின்ன வயதில் அப்பாவோடு நிலத்தீர்வை கட்டப் போய்ப் பழகியவள். ஒரு எண் தடுமாறாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் எழுந்து போய் அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள்.

சண்முகவேல், நீ கேட்ட ஒரு பக்கம் இதோடு தனியாக இருக்கிறது. அதில் ஓர் அம்சம்தான் இருக்கிறது. அதை உடனே அச்சில் ஏற்றிவிடாதே. கீழத்தெருவுக்குப் போ. பேச்சியம்மாள் என்று கேட்டால் சொல்வார்கள், விளக்குக் கம்பத்துக்கு மூன்றாவது வீடு. அந்தத் தாளை அவளுக்கு வாசித்துக் காட்டு. இது அவள் சொன்னதுதானா, இன்னும் அவளுக்கு அதுதான் வேண்டுமா என்று கேள். சரி என்று அவள் சொன்னால் அதன் பிறகு கைநாட்டு வாங்கி, புது அரசுக்கும் அனுப்பு, பத்திரிகையிலும் போடு.

இந்தக் குறிப்பையும் அச்சில் போடும் முன் அவளுக்கு வாசித்துக் காட்டு. அந்த விளக்கைக் கேட்டது யார் என்று நான் ஊருக்கெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.